பூ வைத்தேன்

மிங்கலா தாங்ஞுன்ட், யாங்கோன்
14 நவம்பர் 2008

அன்புள்ள தங்கை விஜயாவுக்கு,

அக்கா அம்சவேணி எழுதுவது. நான் சுகம், முழங்கால் மட்டும் தன் வயதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. உனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, தியாகராஜனுக்குக் கணுக்கால் ஆறிவிட்டதா என்று எழுது. சென்ற கடிதத்தில் 'கனுக்கால்' என்று எழுதியிருந்தாய். அறுபத்தாறு வயதாகிறது, இனி எப்போது திருத்திக்கொள்வாய்?

மே மாதப் புயலில் போன கூரைத் தகடுகளை ஒருவழியாக மாற்றிவிட்டார்கள். மழை இப்போது வெளியே மட்டும் பெய்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தௌச்சான் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வந்தேன். கீழ்வீட்டுக் கமருன்னிசா துணைக்கு வந்தாள். பஸ்ஸில் இடித்துக்கொண்டு போனாலும் அங்கே இறங்கியதும் எனக்கு முன்வரிசை நாற்காலி. பர்மிய மரியாதையோடு 'டாவ் அம்சவேணி, சகோதரி' என்று அட்டை எழுதி வைத்திருந்தார்கள். கொம்பு ஊதினார்கள். இரண்டு நிமிடம் யாரும் இருமக்கூட இல்லை. தூதரகத்துக்காரர்கள் எல்லோருக்கும் அந்தச் சிவப்புக் காகிதப் பூவைக் கொடுத்தார்கள். வழக்கம்போல அண்ணனுக்காகப் பூ வைத்தேன்.

நீ அம்மா வயிற்றில் இருந்தபோது விஸ்வநாதன் அண்ணன் அகதிகளோடு நடந்தே இந்தியாவுக்குப் போனான். அங்கே பட்டாளத்தில் சேர்ந்து, அதே மலைகளைத் துப்பாக்கியோடு திரும்பக் கடந்து வந்தான். ரங்கூனுக்குச் சில நாள் நடை இருக்கையில் விழுந்தான். உடல் கிடைக்கவில்லை, தூணில் பெயர்தான். இதை ஆண்டுதோறும் எழுதுகிறேன் என்று நீ சலித்துக்கொள்ளலாம். நீ அவன் முகத்தைப் பார்த்ததில்லை. ஆகையால் படி.

எல்லோருக்கும் என் ஆசிகள்.

உன் அக்கா,
அம்சவேணி


லெஸ்டர்
25 ஆகஸ்ட் 2009

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

விஜயா வணக்கத்துடன் எழுதுகிறேன். இங்கே உடம்பெல்லாம் நன்றாகவே இருக்கிறது, மனசுதான் சரியில்லை. உங்கள் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், வந்ததா?

அக்கா, தியாகராஜன் ஒரு வம்பை இழுத்து வைத்திருக்கிறான். அவன் ஆடுவது சின்ன கால்பந்து கிளப்தான், பகலில் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சாயங்காலம் போகிறான் என்று உங்களுக்குத் தெரியும். போன வருஷம் அவனைக் கேப்டனாக்கினார்கள். இந்தக் கிளப்பில் நம் நிறத்தில் முதல் கேப்டன் இவன்தான். நான் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தேன்.

இப்போது நவம்பர் மாத ஆட்டத்துக்கென்று தனிச் சட்டை தைக்கிறார்கள். நெஞ்சில் அந்தச் சிவப்புப் பூவை அச்சடித்து வரும். போரில் இறந்தவர்கள் நினைவாக. எல்லோரும் சரி என்றார்கள். இவன் மட்டும் "எனக்கு வெறும் சட்டை கொடுங்கள்" என்று சொல்லிவிட்டான். காரணம் கேட்டால் தோளைக் குலுக்குகிறான். போடாவிட்டால் கேப்டன் பதவி போகும், ஆட விடுவார்களா என்பதே சந்தேகம் என்கிறார் கிளப் செயலாளர்.

எனக்குப் பொறுக்கவில்லை. செயலாளரிடம் போய், "எங்கள் வீட்டை அப்படி நினைக்காதீர்கள். என் அண்ணன் உங்கள் பட்டாளத்தில்தான் செத்தார். ரங்கூனில் என் அக்கா, எண்பது வயது விதவை, ஒவ்வொரு நவம்பரும் அந்தப் பூவை அணிகிறாள்" என்று சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டார். உள்ளூர்ப் பத்திரிகையிலும் அதைப் போட்டுவிட்டார்கள். வெட்டி அனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் பூவோடு இருக்கும் படம் ஒன்று அனுப்புங்கள். நாலு வரி அவனுக்கும் எழுதுங்கள். உங்கள் சொல்லைத்தான் மதிப்பான்.

பாதம் பணியும்,
விஜயா


யாங்கோன்
14 செப்டம்பர் 2009

அன்புள்ள விஜயாவுக்கு,

தைலம் வந்தது. தேய்த்துக்கொள்கிறேன். மழை ஓயவில்லை, மற்றபடி குறையில்லை.

உன் மகன் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. இதை அவனுக்கு வாசித்துக் காட்டு; ஒரு சொல்லும் விடாதே.

தியாகராஜா, உன் மாமன் தூணில் பெயராக நிற்கிறான். அவனுக்கு இருபத்திரண்டு வயது. நீ அவனைவிட ஏழு வயது மூத்தவனாகிவிட்டாய். நெஞ்சில் ஒரு பூ இருந்தால் உனக்கு ஓட முடியாதா, பந்து உதைக்க முடியாதா? உன்னோடு ஆடுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தூணில் பெயர் உள்ள மாமன் இருப்பான்? அவர்கள் போட்டுக்கொள்ளும்போது நீ மறுப்பதா? ஊர் உன்னைக் கேப்டன் என்று அழைப்பது உன் காலுக்காக மட்டும் அல்ல. சட்டையைப் போட்டுக்கொள். இது அண்ணனின் தங்கை சொல்வது.

வேறு செய்தி இல்லை. கமருன்னிசாவின் பேத்திக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். பையனுக்கு ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் சைக்கா ரிக்‌ஷாக் கடை. பத்துக் குடும்பம் பார்த்தாயிற்று என்று புலம்புகிறாள்.

உன் குடும்பம் செழிக்கட்டும்.

அம்சவேணி


லெஸ்டர்
30 செப்டம்பர் 2009

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் சுகம் கேட்டுக்கொண்டே இருக்கும் தங்கை எழுதுவது. குளிர் ஆரம்பித்துவிட்டது.

உங்கள் கடிதத்தை அவனுக்கு நின்றுகொண்டே வாசித்தேன். அவனும் நின்றுகொண்டே கேட்டான். முடிந்ததும், "படம் எங்கேம்மா?" என்றான்.

"எந்தப் படம்?"

"பெரியம்மா பூ குத்தியிருக்கிற படம். நீதானே கேட்டிருக்கேன்னு சொன்னே."

உறைக்குள் மறுபடி பார்த்தேன். இல்லை. மறந்துவிட்டீர்களா அக்கா? அவன் என்ன சொன்னான் தெரியுமா? "பெரியம்மா போட்டுக்கிறாங்கன்னா நானும் போட்டுக்கிறேன். பெரியம்மாவை விட நான் பெரிய ஆளா?" இவ்வளவுதான், முடிந்தது வம்பு. செயலாளரிடமும் சொல்லிவிட்டேன். படம் வந்ததும் கிளப் அறையில் சட்டம் போட்டு மாட்டப் போகிறாராம்.

ஆட்டம் நவம்பர் ஏழாம் தேதி, சனிக்கிழமை. அதற்குள் வந்துவிட வேண்டும். எத்தனை வருஷமாகப் போகிறீர்கள், ஒரு படமாவது இருக்குமே? தூதரகத்தார் எடுக்காமலா இருப்பார்கள்?

வணக்கத்துடன்,
விஜயா


லெஸ்டர்
1 அக்டோபர் 2009

பெரியம்மாவுக்கு,

தியாகராஜன் வணக்கம். அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். தமிழில் பிழை இருந்தால் மன்னிக்கவும். நீங்கள் மன்னிக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

நீங்கள் கோபமாக எழுதியது சரி. நான் மாமாவை மதிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். எங்கள் ஊர்ப் பூங்காவில் ஒரு நினைவுக் கல் இருக்கிறது. பதினொன்றாம் தேதி காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் நான் அங்கே நிற்பேன். நாலு வருஷமாக நிற்கிறேன். அம்மாவுக்கே தெரியாது.

சட்டையில் அந்தப் பூ பீர் கம்பெனி பேருக்கு மேலே வருகிறது. அது கூடப் பரவாயில்லை. சட்டை வருவதற்கு முன்னாலேயே ஒருவர் என்னிடம் வந்து, "நீ போடுவாய்தானே?" என்று கேட்டார். மற்ற பத்துப் பேரிடம் அவர் கேட்கவில்லை. அப்போதுதான் மாட்டேன் என்றேன். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

ஆனால் நீங்கள் போட்டால் நான் போடுவேன். நான் வாக்கு மாற மாட்டேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்தப் பூவை உங்களுக்கு யார் குத்திவிடுகிறார்கள்? அவர்களா? இல்லை, நீங்களே குத்திக்கொள்வீர்களா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தியாகராஜன்


லெஸ்டர்
20 அக்டோபர் 2009

அக்கா,

சுகமா? உங்களிடமிருந்து வரி இல்லை. தபாலில் தொலைந்ததா, உடம்புக்கு ஏதாவதா? இரண்டு தடவை கமருன்னிசா வீட்டுக்குப் போன் போட்டேன். "அக்கா நல்லாத்தான் இருக்காக. பேனாவ வச்சுக்கிட்டு ஜன்னலப் பாத்து ஒக்காந்திருக்காக. நா போய்க் கூப்புட்டா, 'எழுதிக்கிட்டிருக்கேன்'ங்கறாக. தாளுல ஒண்ணையுங் காணோம்" என்றாள். என்ன அக்கா இது?

படம் இல்லாவிட்டாலும், 'ஆம், அணிகிறேன்' என்று ஒரு வரி போதும்.

விஜயா


யாங்கோன்
21 அக்டோபர் 2009

அன்புள்ள விஜயா, தியாகராஜா, இருவருக்கும்,

உங்கள் சுகத்தை விரும்புகிறேன். தபால் மெதுவாகப் போகும் என்பதால் தூதரகத்துப் பையில் இதை அனுப்பித் தரும்படி கேட்டிருக்கிறேன். என் வாழ்நாளில் நான் கேட்ட முதல் சலுகை.

முதலில் விஜயாவுக்கு. 'பூ வைத்தேன்' என்று எழுதினேன். ஆண்டுதோறும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அதை நீ தலையில் வைப்பதாக, நெஞ்சில் குத்துவதாகப் படித்துக்கொண்டாய். விளக்கு வைக்கிறோம், கும்பம் வைக்கிறோம், தலையிலா வைக்கிறோம்? அந்தப் பூவைத் தூணின் அடியில், அவன் பெயருக்கு நேர் கீழே வைக்கிறேன். ஒருமுறையும் அது என் சேலையில் ஏறியதில்லை. ஆகவே படம் இல்லை. இருக்கவும் முடியாது. என் வாக்கியத்தில் பிழை இல்லை. அதை ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னது நீ. பத்திரிகையில் அச்சானது பொய். பொய்யின் மேல் என் பெயர் இருக்கிறது. செயலாளரிடம் நீயே நேரில் போய்த் திருத்து.

இனி தியாகராஜனுக்கு. நீ கேட்டதற்குப் பதில் எழுத எனக்கு இத்தனை நாள் பிடித்தது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் தூதரகத்துப் பெண் ஒருத்தி ஊசியோடு என் தோளருகே வந்தாள். பர்மியப் பெண், நல்ல பெண். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"டாவ் அம்சவேணி, எல்லாரும் குத்தியிருக்காங்களே" என்றாள் தயங்கித் தயங்கி.

"எல்லாரும் குத்தட்டும். என்னுதை என் கையில குடும்மா."

பக்கத்தில் கமருன்னிசா என் முழங்கையை இடித்தாள். "ஏக்கா, புள்ள கைய விடுங்க. திருடியப் புடிச்சாப்புல புடிச்சிருக்கீகளே!" திரும்பி வரும்போது பஸ்ஸிலும் விடவில்லை. "உங்களுக்கும் அந்த ஊசிக்கும் என்னக்கா பகை? விதவைன்னா காயிதப் பூவுமா ஆகாது?"

ஆமாம் என்று சொல்லி வாயை அடைத்தேன். அது எளிதான பதில். உனக்குச் சரியான பதில் சொல்கிறேன்.

உன் பெரியப்பா 1974இல் இறந்தார். பத்தாம் நாள் தெருப் பெண்கள் கூடத்தில் என்னைச் சூழ்ந்து உட்கார்ந்தார்கள். வழக்கப்படி என் தலை நிறையப் பூவைச் சுற்றினார்கள். பிறகு அதைப் பிய்த்தெடுக்க ஒருத்தி கையை நீட்டினாள். நான் எழுந்து நின்றேன். "என் தலையில இருக்கிறத எடுக்க எனக்குத் தெரியும்" என்றேன். நானே எடுத்தேன். மடித்து வாழையிலையில் வைத்தேன். கான்வென்டில் படித்த திமிர் என்று பல ஆண்டுகள் பேசினார்கள். பேசட்டும். அன்று முதல் என் மேல் எது ஏற வேண்டும், எது இறங்க வேண்டும் என்பதில் வேறு எவர் கையும் பட்டதில்லை.

அப்படிப்பட்ட நான், பிறர் உன் நெஞ்சில் அச்சடித்ததைப் போட்டுக்கொள் என்று எழுதினேன். எனக்கு விதவை என்ற விலக்கு இருக்கிறது, உனக்கு இல்லை என்று எண்ணியிருந்தேன் போலும். செப்டம்பர் மாதக் கடிதத்தைக் கிழித்துவிடு.

போடாதே என்றும் நான் சொல்லவில்லை. அவர்கள் உன் ஒருவனிடம் மட்டும் கேட்டார்கள் என்பதை உன் அம்மாவுக்கு நானே இதோ சொல்லிவிட்டேன். மற்றது உன் கை.

அண்ணன் பட்டாளத்துக்குப் போவது அப்பாவுக்குப் பிடிக்காது. யாரும் அவனை அனுப்பவில்லை. அவனாகப் போனான்.

ஆசிகளுடன்,
அம்சவேணி


லெஸ்டர்
9 நவம்பர் 2009

என் அக்காவுக்கு,

நமஸ்காரம். நான் நலம். தொண்டைதான் கட்டியிருக்கிறது, காரணம் கீழே.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. படித்து உங்கள் மேல் ஆத்திரப்பட்டேன். இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லாமல் என்னை ஊரெல்லாம் பொய் சொல்ல வைத்துவிட்டீர்களே என்று. பிறகு அந்த இடத்துக்கு வந்தேன், அவனிடம் மட்டும் கேட்டார்கள் என்ற இடத்துக்கு. சமையலறையில் போய் உட்கார்ந்துவிட்டேன். அவன் பின்னாலேயே வந்து, நாலு வருஷமாகப் பூங்காவில் நிற்பதையும் சொன்னான். என் பிள்ளை என்னிடம் சொல்லாமல் ரங்கூனுக்கு எழுதியிருக்கிறான். நானும்தானே அக்கா அவனைக் கேட்டேன், "நீ போடுவாய்தானே?" என்று.

வெள்ளிக்கிழமை கிளப்புக்குப் போனேன். பயிற்சி முடிந்து தியாகராஜனோடு ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நின்றுகொண்டே சொன்னேன்: "நான் சொன்னது தவறு. என் அக்கா அந்தப் பூவை அணிவதில்லை. எங்கள் அண்ணன் பெயருக்குக் கீழே வைக்கிறாள். தன் கையால் வைக்கிறாள். என் மகனும் இங்கே பூங்காவில் போய் நிற்கிறான். அதை யாரும் கேட்டு அவன் செய்யவில்லை." செயலாளர் சட்டைப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். அப்புறம், "வெறும் சட்டையில் ஆடட்டும். கேப்டனாக ஆட முடியாது" என்றார். தியாகராஜன் கேப்டன் கைப்பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "எந்த இடத்தில் ஆடணும்?" என்று கேட்டான். அவ்வளவுதான்.

சனிக்கிழமை நான் என் கோட்டில் பூவைக் குத்திக்கொண்டு போனேன். எனக்கு அது வேண்டும், அக்கா. நீங்கள் கோபிக்க மாட்டீர்கள். அண்ணன் முகத்தைத்தான் பார்த்ததில்லை, பூவாவது இருக்கட்டும்.

பத்துச் சிவப்பு நெஞ்சு, ஒரு வெறும் நெஞ்சு. அவன் பந்தைத் தொட்டபோதெல்லாம் ஊழையிட்டார்கள். சொந்த ஊர் ஜனம்! போன மாதம் அவன் பேரைப் பாட்டாகப் பாடினவர்கள். எனக்குப் பின்னால் ஒருவர், கனத்த மனிதர், காதருகே ஊழையிட்டார். திரும்பினேன்.

"அவன் என் மகன்."

அவர் என் கோட்டைப் பார்த்தார். "நீங்க போட்டிருக்கீங்களே. அவனுக்கு என்னவாம்?"

"அவன் மாமா பேரு பர்மாவுல தூண்ல இருக்கு. உங்க வீட்டுல யார் பேரு எங்க இருக்கு?"

சட்டென்று, "எங்க தாத்தா. அவரும் பர்மாதான்" என்றார். பேரையும் சொன்னார். "எங்க அக்கா அங்கதான் நாளைக்குப் போறா. எழுதிக் குடுங்க, அவ தேடிப் பாப்பா" என்றேன். தபால் போய்ச் சேர்வதற்குள் நாளை முடிந்துவிடும் என்பது பேச்சு வேகத்தில் தோன்றவில்லை. ஆட்டச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். அப்புறம் ஊழையிடுவதை நிறுத்தினாரா என்றால் இல்லை. நடுவில் பிளாஸ்கிலிருந்து எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார், குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார், மறுபடி ஊழையிட்டார்.

எனக்கு வந்தது பாருங்கள் ஒரு வேகம். பெஞ்சில் ஏறி நின்று, "தியாகராஜா!" என்று கத்தினேன். முழுப் பேரையும். இங்கே அவனை எல்லோரும் 'டிஜே' என்றுதான் கூப்பிடுவார்கள். திரும்பிப் பார்த்தான். எனக்கு வெட்கமாகவே இல்லை. முடியும்வரை கத்தினேன். அதுதான் தொண்டை.

அந்த மனிதர் எழுதிய பேரை இத்துடன் வைத்திருக்கிறேன். தெரிந்தால் சொல்லுங்கள்.

விஜயா


யாங்கோன்
2 டிசம்பர் 2009

அன்புள்ள விஜயாவுக்கு,

உன் தொண்டை சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன். மிளகுக் கஷாயம் போடு. நான் எழுந்து நடமாடுகிறேன்.

'ஊளை'. நான்கு இடத்திலும் தவறு. அவ்வளவு கேட்டும் உனக்கு எழுதத் தெரியவில்லை.

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலமே கமருன்னிசாவுக்கு வாசித்துக் காட்டினேன். பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்த இடத்தில் அவள் "மாஷா அல்லாஹ்" என்று தொடையில் தட்டினாள். அவளுடைய சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். அவர்களுக்காக முதலிலிருந்து மறுபடி வாசித்தேன். மறுநாள் கோயில் கூடத்தில் கேட்டார்கள், அங்கேயும் வாசித்தேன். தாள் மடிப்பில் கிழிந்துவிட்டது, பின்பக்கம் ஒட்டியிருக்கிறேன். என் தங்கை ஏழெட்டு வெள்ளைக்காரர் நடுவில் நின்று தன் தவற்றைத் தானே சொன்னாள் என்ற இடத்தை மட்டும் நான் சற்று மெதுவாக வாசிக்கிறேன்.

அந்த மனிதரின் தாத்தா அடுத்த ஞாயிறு கிடைத்தார். கமருன்னிசாவும் நானும் இதற்கென்றே மறுபடி பஸ் ஏறினோம். தூணில் இல்லை, கல்லறை வரிசையில் இருக்கிறார், நல்ல நிழலில். கடைத்தெருவில் வாங்கிய சாமந்தி வைத்தேன். எங்கே வைத்தேன் என்று இம்முறை தெளிவாக எழுதுகிறேன்: கல்லின் மேல். அவரிடம் சொல். அடுத்த முறை கத்தும்போது இதையும் நினைத்துக்கொண்டு கத்தட்டும்.

தியாகராஜனுக்குத் தனியாக எழுதப் போவதில்லை. எழுதினால் நீளமாகப் புகழ்ந்துவிடுவேன். அது அவன் காலுக்கு நல்லதல்ல. பெரியம்மா நிமிர்ந்து நடக்கிறாள் என்று மட்டும் சொல்.

இப்போது ஒன்று. நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். சட்டை, பட்டை, பிளாஸ்க், உன் தொண்டை எல்லாம் வந்துவிட்டன. கோயில் கூடத்தில் ஒரு சிறுமி எழுந்து கேட்டாள், நான் பதிலின்றி நின்றேன். எனக்குப் பதிலின்றி நிற்கும் பழக்கம் இல்லை.

ஆட்டத்தில் யார் ஜெயித்தது?

அம்சவேணி